சீரிஸ் சேர்ந்த அமாவாசை

அக்கா,

இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் எங்கே கால் வைப்பதென்று தெரியவில்லை. எதிரே இருக்கும் மருந்துக் கடைக்காரர் அப்போதுதான் பூசணிக்காய் சுற்றி உடைத்திருக்கிறார். வெள்ளைச் சதை பிளந்து கிடக்க, உள்ளே போட்ட குங்குமம் தண்ணீரோடு வழிந்து ஆஸ்பத்திரிப் படி வரைக்கும் வந்திருந்தது. கூடவே அணைந்த கற்பூரத்தின் வாசம். அமாவாசைக்கு அமாவாசை நம் லேத் பட்டறை வாசலில் பார்த்ததுதான். நீங்கள் பக்கத்திலேயே நின்று, "நல்லா ஓங்கிப் போடுப்பா, கொழந்தைய எறக்கி வெக்கற மாதிரி வெக்காத" என்று பையன்களை உருட்டுவீர்கள். அந்த வாசம் வந்தாலே எனக்கு உங்கள் குரல்தான் கேட்கும். ஆனால் இன்றைக்கு அந்தச் சிவப்பை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றித்தான் படியேறினேன். மாடியில் நம் பெண் நித்யா படுத்திருந்தாள். இன்று அவளுக்கு ஆபரேஷன்.

இது உங்களுக்குத் தெரியாத சேதி. நீங்கள் போன பிறகுதான் அவள் முழுகாமல் ஆனாள். சொல்ல உங்களைத் தேடினேன். அடுப்படியில் நின்று "அக்கா" என்று வாயெடுத்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? வேலைக்கு வரும் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தது.

நேற்றைய ஸ்கேனில் பனிக்குடத் தண்ணீர் குறைந்திருக்கிறது என்றார்கள். குழந்தையின் துடிப்பும் நடுநடுவே இறங்குகிறதாம். இன்னும் நாள் பார்க்க வேண்டாம், காலையில் எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காலையில் என்றால் அமாவாசை. வெறும் அமாவாசையாக இருந்தால் நான் ஏன் இப்படி நடுங்கப்போகிறேன்? நம் பட்டறையே அமாவாசையில் திறந்ததுதானே. முதல் லேத் மெஷின் வந்து இறங்கியதும் அமாவாசையில்தான். இது நீங்கள் சொல்வீர்களே, அந்தச் சீரிஸ் கோள் சேர்ந்த அமாவாசை, அக்கா.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? உங்கள் போன் என்னிடம்தான் இருக்கிறது. "நீயே வெச்சுக்க அம்மணி, எனக்கு அதப் பாத்தா ஆகறதில்ல" என்று உங்கள் வீட்டுக்காரர், பெரியவர்தான் என் கையில் கொடுத்தார். அவர் இப்போது யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. நீங்கள் அதில் வைத்திருந்த அந்த இங்கிலீஷ் ஜோதிட ஆப், ஒவ்வொரு அமாவாசைக்கும் முன்னால் 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதை எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை. எடுத்துவிட்டால் நீங்கள் இன்னும் கொஞ்சம் குறைந்துவிடுவீர்கள் என்று ஒரு நினைப்பு. இந்த வாரம் அதே சத்தம் வந்தது. திறந்து பார்த்தேன். வட்டத்துக்குள் சூரியன், சந்திரன், ஒட்டினாற்போல அரிவாள் மாதிரி ஒரு சின்னக் குறி. அது சீரிஸின் குறி என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் நாம். ஊர் உலகத்தில் ஓரகத்திகள் எப்படி இருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். நாமும் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்தோம். நீங்கள் இங்கிலீஷ் பி.ஏ., நான் பன்னிரண்டாவது. நீங்கள் பேப்பர் படித்தால் எனக்குக் காட்டுவதற்காகப் படிக்கிறீர்கள் என்று நினைப்பேன். நித்யா பிறந்த பிறகுதான் எல்லாம் மாறியது. உங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் பசித்தால் என்னிடம் வந்தாள், மற்ற எல்லாவற்றுக்கும் உங்களிடம்தான் வந்தாள். எனக்கு அதில் பொறாமை கூட வந்ததுண்டு. சொன்னால் சிரிப்பீர்கள்.

போன் கைக்கு வந்ததும் நீங்கள் இந்தக் குறுங்கோள் ஜோதிடத்தில் போய் விழுந்தீர்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்கள்தானாம். அவற்றில் முதலில் கண்டுபிடித்த நாலுக்கு நாலு பெண்தெய்வங்களின் பெயர். அமாவாசை அன்று எது கூட நிற்கிறதோ அதை வைத்துப் பலன். அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினீர்கள். "நம்ம ஒம்போது கெரகமும் ஆம்பளைச் சாமிகதான். இதுல பாரு கண்ணு, நாலும் பொம்பளைக. சீரிஸ் சோறு போடறவ. வெஸ்டா அடுப்பு நெருப்பு. ஜூனோ கல்யாணக்காரி. பல்லாஸ் நெம்ப புத்திசாலி."

"நாலு பொம்பளைக சந்திரனச் சுத்தி நின்னா அவுரு என்னத்துக்கு ஆவாருங்க்கா? அதான் அமாவாசையா?" என்றேன்.

"கெரகம். உனக்குப் போயி சொன்னேன் பாரு" என்று என் தலையில் ஒரு அவரைக்காயைப் போட்டீர்கள்.

அதே மத்தியானம்தான் சீரிஸ் கதையையும் சொன்னீர்கள். மேல்நாட்டுக் கதைப்படி அவளுக்கு ஒரே மகள். பூப்பறிக்கப் போன இடத்தில் பூமி பிளந்து மகளை உள்ளே இழுத்துக்கொண்டது. தாய்க்காரி உலகமெல்லாம் தேடித் திரிந்தாள். பயிர் பச்சையெல்லாம் கருகிப் போயிற்று. சொல்லி முடித்ததும் உங்கள் கை நின்றுவிட்டது. ரொம்பத் தணிந்த குரலில் நீங்கள் சொன்னது இன்றுவரை என் காதில் இருக்கிறது. "நித்யாக்குட்டி ஜாதகத்துலயும் அந்த சீரிஸு சந்திரனோட ஒட்டிட்டு நிக்குது. அவளுக்குப் பிரசவம் அமாவாசைல வரக் கூடாது கண்ணு. அதுலயும் சீரிஸு சேந்து வர்ற அமாவாசை ஆகவே ஆகாது. அவகிட்டச் சொல்லிப் போடாத. நீ பாத்துக்க."

அன்றைக்கு அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. நான் "சரிங்க்கா" என்று சொல்லிவிட்டு அவரைக்காயைக் கழுவப் போய்விட்டேன். அப்போது அது எனக்கு ஒரு பேச்சு, அவ்வளவுதான். நீங்கள் போன பிறகு அது பேச்சாக இல்லை. அதற்குக் காரணமும் நீங்கள்தான்.

போன ஆடி அமாவாசையை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தின வாரமே சொல்லிவிட்டீர்கள், இந்த அமாவாசையில் வெஸ்டா கூட நிற்கிறது, வீட்டு அடுப்பு அணையும் என்று போட்டிருக்கிறது என்று. கேஸ் தீர்ந்துபோகுமோ என்னவோ என்று உங்கள் கொழுந்தனார் கேலி பண்ணினார். அமாவாசைக்கு முதல் நாள் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். இ.சி.ஜி. பார்த்த டாக்டர், இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள், அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கும் என்று எழுதியே கொடுத்தார். வீட்டுக்கு வந்து பையை எடுத்து வைத்தேன். நீங்கள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள்.

"ஒரே ஒரு நாளு. அமாவாசை முடியட்டும். முடிஞ்ச நிமிசம் போயிரலாம்."

பெரியவர் கெஞ்சினார். நான் கத்தினேன். நித்யா போனில் அழுதாள். உங்களை அசைக்க முடியுமா? மறுநாள் இலை போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, அதற்கும் அடுத்த நாள் காலையில் அமாவாசை முடிந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டு முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தீர்கள். நம் பஞ்சாங்கத்தில் அமாவாசை முடிகிற அந்த நிமிஷம்தான் அந்த இங்கிலீஷ்காரர்களுக்கு நியூ மூன். நமக்கு முடிகிறபோது அவர்களுக்குத் தொடங்குகிறது. "இப்பத்தான் ஆரம்பிக்குதாமா கண்ணு. பலனெல்லாம் இனிமேத்தானாமா. பிறை கண்ணுக்குத் தெரியட்டும், போயிரலாம்" என்றீர்கள். பஞ்சாங்கம் அந்த அமாவாசையின் ராசியைக் கடகம் என்கிறது, ஆப் சிம்மம் என்கிறது, அதிலும் ஒரு குழப்பம். ஒரு பயத்துக்கே மனுஷி தாங்கமாட்டாள். நீங்கள் ரெண்டு நாட்டுப் பயத்தையும் சேர்த்து மடியில் கட்டிக்கொண்டீர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உங்கள்மேல் ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் பிறை அன்று சாயங்காலம் பிறை வருவதற்குள் உங்களுக்கு வலி வந்துவிட்டது. பெரியவர் கார் ஓட்டினார். பின்சீட்டில் உங்கள் தலை என் மடியில். அவிநாசி ரோட்டில் மேம்பாலத் தூண்களுக்கு நடுவே வண்டிகள் நகரவே இல்லை. பெரியவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் நீங்கள் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வெஸ்டாவும் இல்ல, கிஸ்டாவும் இல்ல கண்ணு. எனக்கு ஆபரேசன்னாலே பயம். அமாவாசையச் சாக்காப் புடிச்சுட்டேன்."

"பேசாதீங்க்கா. இதோ வந்தாச்சு" என்றேன்.

"பயந்துட்டேயாச்சும் போயிருக்கலாம்" என்றீர்கள். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டீர்கள். கை சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் உங்களை வேகவேகமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம் நான் உங்களை உயிரோடு பார்க்கவில்லை.

கொடுமுடியில் உங்களைக் கரைத்துவிட்டு வந்த அன்று, வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சு பேசினார்கள். கெட்டிக்காரி, தன் சாவையே முன்கூட்டிச் சொன்னாள், அடுப்பு அணையும் என்றாள், அணைந்துவிட்டது. பெரியவரும் தலையாட்டினார். அமாவாசை கொண்டுபோயிற்று என்று நம்பினால் அவருக்குக் கொஞ்சம் தாங்கும்போல இருந்தது. அதனால் கார்ப் பேச்சை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம் கேளுங்கள். உண்மை தெரிந்த எனக்கும் பயம் போகவில்லை. சொன்ன மாதிரியே நடந்துவிட்டதே. நீங்கள் போகாமல் நின்றதால் நடந்ததா, நடக்க இருந்ததால் நீங்கள் நின்றீர்களா? நான் பன்னிரண்டாவது படித்தவள், இதற்கெல்லாம் எனக்கு விடை தெரியாது. வெஸ்டாவுக்குச் சொன்னது பலித்ததென்றால் சீரிஸுக்குச் சொன்னதும் பலிக்குமே என்றுதான் என் வயிறு கேட்கிறது.

உங்கள் கொழுந்தனார் பட்டறை வேலையாக வெளியூரில் மாட்டிக்கொண்டார். இன்று காலை நான் அறைக்குள் போனபோது மாப்பிள்ளை ஜன்னலோரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் கோபியிலிருந்து அவருடைய அம்மா. சம்பந்தியம்மா நல்ல மனுஷிதான், பேத்தியோ பேரனோ அமாவாசையில் பிறக்கக் கூடாதென்ற ஒரு வெசனம். போன் என் கைக்கு வந்தது.

"ஏனுங் சம்பந்தி, நாளைக்கு விடியறதுக்குள்ள அமாவாசை போயிருதுங்க. ஒரே ஒரு நாளு. டாக்டருகிட்ட சித்தெ சொல்லிப் பாருங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

ஒரே ஒரு நாள். அக்கா, அந்த வார்த்தையை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் வாய் "சரிங்க, கேட்டுப் பாக்கறனுங்க" என்று சொல்லத்தான் தயாராக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். நாளைக்கு என்றால் சீரிஸ் கொஞ்சம் நகர்ந்துவிடுமோ என்று மனசு கணக்குப் போட்டது.

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன். அவர் நித்யாவின் வயிற்றில் கருவியை வைத்தார். 'டப்டப்' என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று மெதுவாகி, தயங்கி, மறுபடி ஓடியது. "காத்திருக்கறது குழந்தைக்கு நல்லதில்லம்மா. நீங்க பேசி முடிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். மாப்பிள்ளை அம்மாவுக்கும் பதில் சொல்ல முடியாமல் பெண்டாட்டியையும் பார்க்க முடியாமல் நின்றார். நித்யா என்னைப் பார்த்தாள். உங்கள் மடியில் வளர்ந்தவள், உங்களைத்தான் கேட்டாள்.

"அம்மா, பெரியம்மா இருந்தா என்ன சொல்லுவாங்க?"

என்னிடம் உங்கள் சொல் ரெண்டு இருந்தது. அவரைக்காய் நார் எடுக்கும்போது சொன்னது ஒன்று. என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னது ஒன்று. முதலாவது எனக்கு நீங்கள் போட்ட கட்டளை. அதை மீறி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த உலகத்தில் நான் எந்தப் பக்கம் திரும்புவேன்? அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். கார்ப் பேச்சைச் சொன்னேன். ஹாரன் சத்தத்திலிருந்து ஆரம்பித்து, நீங்கள் என் விரலைப் பிடித்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். சீரிஸைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். "பெரியம்மாக்கா பயம்?" என்றாள். ரொம்ப ஆச்சரியமாக.

"உன்ற பெரியம்மாக்குத்தான் சாமி. நம்ம ஊட்டுலயே பெரிய பயந்தாங்கொள்ளி அவங்கதான்."

சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே அழுதாள். அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்து, "டாக்டரக் கூப்புடுங்க" என்றாள். நான் சம்பந்தியம்மாவைப் போனில் கூப்பிட்டு, "இன்னைக்கேதானுங் சம்பந்தி. வேற வழியில்லீங்க" என்றேன். அவர்கள் மெதுவாக, "சரி, நேரத்தையாச்சும் செரியாக் குறிச்சு வெய்யுங்க. ஜாதகம் எழுதோணும். தலை தெரியற நிமிசம் பாருங்க" என்றார்கள். "ஆகட்டுங்க" என்று ஒப்புக்கொண்டேன்.

தள்ளுவண்டியில் அவளைக் கொண்டுபோகும்போது என் முந்தானையைப் பிடித்தாள். "பயமா இருக்குதும்மா."

எனக்குப் பயமில்லை என்று சொல்லித்தான் அம்மாக்காரிகள் பிள்ளைகளை அனுப்புவார்கள். எனக்கு அது வரவில்லை. "எனக்குந்தான் சாமி. பயந்துட்டே போ. நான் இங்கயே நிக்கறேன்" என்றேன். அவள் முந்தானையை விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே நாற்காலிகள் வரிசையாக இருந்தன. யாரோ ஒரு அம்மா மாசாணியம்மன் குங்குமத்தை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. விடிகாலையிலேயே ஆனைமலை போய் வந்ததாம். வாங்கி வைத்துக்கொண்டேன். மடியில் நான் கொண்டுவந்த பை, அதில் உங்கள் பழைய நூல் சேலையைக் கிழித்துத் துவைத்து மடித்த துண்டுகள். பிறந்ததும் சுற்ற அதுதான் வேண்டும் என்று நித்யா கேட்டிருந்தாள். செத்தவர் சேலையாயிற்றே என்று எனக்கு அதிலும் ஒரு பயம். இன்றைக்கு எதில்தான் எனக்குப் பயமில்லை சொல்லுங்கள்.

உட்கார முடியவில்லை. நேரம் குறிக்க வேண்டுமே என்று உங்கள் போனைக் கையில் எடுத்தேன். விரல் தானாக அந்த ஆப்பைத் திறந்துவிட்டது. வட்டம் வந்தது. சூரியன், சந்திரன், கூடவே அரிவாள். அந்தத் தாய்க்காரி, பூமி பிளந்த இடத்தில் நின்று மகளைத் தேடுகிறவள். அந்தக் கதவையே பார்த்தேன். இதுவும் ஒரு பிளவுதானே, இதற்குள்தானே என் பெண் போயிருக்கிறாள் என்று தோன்றியதும் எனக்கு அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா, நீங்கள் கட்டிலில் சம்மணம் போட்டு எழமாட்டேன் என்று இருந்தீர்களே, அந்த இடம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. உடம்பில் ஒரு இடம் கூட அசையாது. அதற்கு ஒரு சாக்குக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? உங்கள்மேல் இருந்த ஆத்திரம் அங்கேயே கொஞ்சம் கரைந்தது.

கதவு திறந்து ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள். "நித்யா அட்டெண்டர் யாருங்க?"

மாப்பிள்ளை கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். நான்தான். நல்லதைச் சொல்லக் கூப்பிடுகிறார்களா, கெட்டதைச் சொல்லக் கூப்பிடுகிறார்களா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு உங்களை உள்ளே கொண்டுபோன பிறகும் இப்படித்தான் ஒரு நர்ஸ் வந்து கூப்பிட்டாள். ஆனாலும் நகர்ந்தேன். சுவரைப் பிடித்தபடி, வாய்க்குள் உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு, நடுங்கிக்கொண்டேதான் போனேன்.

"துணி குடுங்கம்மா. பொண்ணு."

உங்கள் சேலையில் சுற்றி என் கையில் வைத்தார்கள். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, போதும் என்று மூடிக்கொண்டது. நித்யாவுக்கு ரத்தம் கொஞ்சம் அதிகம் போயிருக்கிறது, ஒரு நாள் கண்காணிப்பில் இருக்கட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். பயப்பட ஒன்றுமில்லையாம். யாரிடம் சொல்கிறார்.

சாயங்காலம் அவளைப் பார்க்க விட்டார்கள். உதடெல்லாம் காய்ந்திருந்தது. "அம்மா, நேரம் குறிச்சியா? அத்தை கேப்பாங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு நினைவே வந்தது. போன் கையில்தான் இருந்தது. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர மணியைப் பார்க்கவில்லை. "மறந்து போச்சு சாமி" என்றேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதி வைத்திருப்பார்கள். சம்பந்தியம்மா வாங்கிக்கொள்ளட்டும், ஜாதகம் கணிக்கட்டும், பரிகாரமும் செய்யட்டும். நானே கோயிலுக்குக் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கு வீட்டில் உங்களுக்கு இலை போட நான் இல்லை. பெரியவரே சோறு வடித்துக் காக்காய்க்கு வைத்தாராம், போனில் சொன்னார். பெண் குழந்தை என்றதும், "உங்கக்கா இருந்திருந்தா" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கார்ப் பேச்சை அவரிடமும் ஒரு நாள் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வதென்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நித்யா தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று அடிக்கடி மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். உங்கள் ஆப்பை நான் எடுத்துவிடப் போவதில்லை. அடுத்த மாதமும் அது சத்தம் கொடுக்கும், எந்தக் கல் எங்கே நிற்கிறது என்று சொல்லும், எனக்கு வயிறு கலங்கும். கலங்கட்டும். நாலு நாள் கழித்துப் பெரியவர் காரை எடுத்துக்கொண்டு வருகிறார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அவர் பின்னால் உட்கார்ந்து, அதே அவிநாசி ரோட்டில்தான் வீட்டுக்குப் போகவேண்டும். அந்தத் தூண்களுக்கு நடுவே வண்டி நின்றால் அவரிடம் அந்தக் கார்ப் பேச்சைச் சொல்லிவிடுவேன், அக்கா. பயந்துகொண்டேதான் சொல்வேன்.